நிக்காஹ் மட்டும்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
19 ஜனவரி 2025

நாஸியாவுக்கு,

எவ்வளவு கோபமாக இருந்தாலும் ஸலாம் சொல்லாமல் கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது என்பாள் என்னைப் பெற்ற அம்மி. அதனால் ஸலாம். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று நீ பாதிப் பேச்சில் போனை வைத்தாய். நானும் திரும்பக் கூப்பிடவில்லை. நமக்குப் போன் ஒத்துவராது நாஸி. சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கிறோம், மூன்றாவது பேச்சில் சண்டை. அதனால் இனிமேல் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா மட்டும் கேட்டுக்கொள்வோம். பெரிய விஷயம் எல்லாம் தபாலில். கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். அதற்குள் இரண்டு பேருக்கும் சூடு தணியட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியிடம் சொல்லி என்னை 'டிபெண்டன்ட்' விசாவில் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாய். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எதிர்க்கடை ஷாஹுல் ஹமீதிடம் கேட்டேன். "பொண்டாட்டி புடவையைப் புடிச்சிக்கினு போறவன்னு அர்த்தம் மச்சி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இங்கே எங்கள் அப்பா குலாம் ரசூல் வைத்த மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. பவர் பார்ப்பேன், லென்ஸ் அறுப்பேன், நாலு பேர் 'ஹஸன் பாய்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அங்கே வந்து நான் என்ன செய்வேன், கிடங்கில் பெட்டி தூக்கவா?

எங்கள் ரியாத் சித்தப்பாவை உனக்குத் தெரியும். அவருக்கு வேலை கொடுத்தவனை அங்கே கஃபீல் என்பார்கள். அவன் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். மகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சித்தப்பா அவள் முகத்தையே பார்த்தார். உன் கம்பெனியை நீ ஸ்பான்சர் என்கிறாய். பேர்தான் வேறு.

நல்லது இல்லாமல் இல்லை, நியாயமாகவே சொல்கிறேன். அடையாறு ஆஸ்பத்திரியில் உன்னை எப்படி வேலை வாங்கினார்கள் என்று பார்த்தவன் நான். பைக்கில் உன்னைக் கூட்டி வரும்போது பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாய். அங்கே உனக்கு மதிப்பு இருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவசரமாக நிக்காஹ் ஆயிற்று. உன்னை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கும் ருக்ஸதியும் இல்லை, வலீமா விருந்தும் இல்லை. அவர் காரியம் எல்லாம் முடியட்டும் என்றார்கள், அதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. ஒரு வருஷம் தாண்டியும் என் மனைவி என் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மிக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஹஸன்

---

ஷெஃபீல்டு
4 பிப்ரவரி 2025

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய என் கணவருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். ஷாஹுல் அண்ணனுக்கு ஒரு குட்டு என் சார்பில் வையுங்கள்.

டிபெண்டன்ட் என்ற வார்த்தை உங்களுக்குக் குத்துகிறது. எங்கள் அப்பா என் கையை உங்களுக்குப் பிடித்துக் கொடுத்தபோது, இனிமேல் இவரை நம்பித்தான் நீ என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். எனக்குக் குத்தவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தைக்கே இவ்வளவு ரோஷமா?

நீங்கள் நியாயமாக எழுதியதால் நானும் நியாயமாகவே எழுதுகிறேன். இங்கே வயதானவர்களுக்கான மருத்துவ இல்லத்தில் வேலை. டாக்டர் வந்தால், "நாஸியா, உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மருந்தை மாற்றுவார். அடையாறில் ஒரு டாக்டருக்காவது என் பெயர் தெரியுமா? "சிஸ்டர், ஃபைல்", அவ்வளவுதான். இங்கே நான் யாரோ ஒருத்தி இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்ல வெட்கப்படவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். போனில் இதைச் சொல்ல மாட்டேன், சொன்னால் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு டியூட்டி எனக்கு. புத்தாண்டுக்கும் எனக்கு. இந்த ஊர்ப் பெண்கள் முடியாது என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அப்படிச் சொன்னால், "உன் ஸ்பான்சர்ஷிப்புக்காக நாங்கள் எவ்வளவு செய்கிறோம் தெரியுமா" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அந்தப் பெண்களுக்கு வேலை போனால் வேலைதான் போகும். எனக்கு வேலை போனால் ஊரே போய்விடும். கொஞ்ச நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். கோட்டயத்துப் பெண் ஒருத்தி முதுகு வலியோடு ஆட்களைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டே இருந்தாள், ஒரு நாள் அவளையே தூக்க வேண்டியதாகிவிட்டது. என் பாஸ்போர்ட்டை யாரும் பூட்டி வைக்கவில்லை. என் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் எங்கேயும் போக முடியாது.

அப்புறம் ஏன் இருக்கிறாய் என்பீர்கள். சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் யாருடைய ஸ்பான்சரும் வேண்டாம். நானே என் காலில் நிற்கலாம். தனியாக என்றால் என்னால் முடியாது. நீங்கள் இருந்தால் முடியும். வேலை விட்டு வந்தால் வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வாருங்கள்.

உங்கள்
நாஸியா

---

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
3 மார்ச் 2025

நாஸி,

இரண்டாவது நோன்பு. மத்தியான லுஹர் தொழுதுவிட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சுருக்கமாக.

வருகிறேன்.

விளக்கு எரிய வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு எந்த ரோஷமும் நிற்கவில்லை. டிபெண்டன்ட் என்றே போடட்டும். பள்ளிவாசல் ஜமாஅத்தில் நிக்காஹ் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிற பக்கத்தைப் பார்த்தேன். அப்துல் சமத் என்று எழுதிப் பாதியில் பேனா சறுக்கியிருக்கிறது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

தி. நகரில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மதுவந்தி என்று ஒரு டீச்சர், நம்மைவிடச் சின்னப் பெண். முதல் நாளே எழுந்து நின்று உன்னைப் பற்றிப் பேசு என்றாள். கடையில் ஆயிரம் பேரிடம் பேசுகிறவன், அங்கே போய் ஊமையாக நின்றேன். கடைசியில் "ஐ ஆம் ஹஸன், மை ஒய்ஃப் இஸ் நர்ஸ்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். என்னைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது.

அம்மிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "இன்னாடா இது, ஊர்ல பொண்ணுங்கதான் மாப்ள வூட்டுக்குப் போவும். நீ பெட்டியத் தூக்கிக்கினு போறேன்றியே. வலீமா வைக்காம நான் எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்று விடிகாலை ஸஹர் நேரத்தில் ஆரம்பித்தால் இஃப்தார் வரைக்கும் ஓயாது. அங்கே போய் உன் கையால் நாலு பேருக்குச் சோறு போட்டால் அதுதான் வலீமா என்று சொல்லிவைத்திருக்கிறேன். உனக்குப் பிரியாணி செய்ய வராது என்பதைச் சொல்லவில்லை.

கம்பெனியில் பேசிவிட்டு எழுது. துஆவில் உன்னை மறக்கவில்லை.

ஹஸன்

---

ஷெஃபீல்டு
14 ஏப்ரல் 2025

என்னங்க,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பெருநாள் முடிந்தும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்டபோதெல்லாம் தொண்டை வரை வந்தது. நம் ஏற்பாட்டை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

உங்களைக் கூப்பிட வேண்டும் என்று கம்பெனியில் சொன்னேன். வேலை ஆட்கள் விவரத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ கல்யாணம் ஆகாதவள் என்று சொல்லித்தானே வேலைக்கு வந்தாய்?" என்றார்.

அந்த இன்டர்வியூ ஞாபகம் இருக்கிறதா? தி. நகரில் என் அண்ணன் நதீம் வீட்டு மாடியில் நடந்தது. வைஃபை விட்டு விட்டு வந்ததால் நீங்கள் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மேரிட்?" என்று கேட்டார்கள். "நாட் யெட்" என்றேன். மறைக்க நினைக்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நிக்காஹ் மட்டும்தான் ஆகியிருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை என்று நாம் எல்லாரும்தானே சொல்லிக்கொண்டு திரிந்தோம்? பக்கத்து வீட்டில் கேட்டால் எங்கள் அம்மி, "கல்யாணம் ரம்ஜானுக்கு அப்புறம்" என்பாள். உங்கள் அம்மி ஹாஜிரா மாமி, உஸ்மான் ரோடு ஜவுளிக் கடையில் ஒருத்தரிடம், "ஹஸனுக்குப் பேசி வச்ச பொண்ணு" என்றுதான் என்னைக் காட்டினார். வாய்ப் பழக்கம் அப்படி. விசாவுக்கு ஏஜென்ட் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். நமக்கு நிக்காஹ் வேறு, ஊரைக் கூட்டிச் செய்கிற ஷாதி வேறு. இவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

அந்த அம்மாளுக்கு விளக்கிப் பார்த்தேன். அப்பா, ஆஸ்பத்திரி, ருக்ஸதி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் நீ அரசாங்கத்துக்குத் தவறான தகவல் கொடுத்திருக்கிறாய். இதை நாங்கள் தெரிவித்தால் உன் விசா போகும். உன்னைப் போல ஒரு நர்ஸை இழக்க எங்களுக்கு மனமில்லை. நீ இப்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. நீ இருந்தபடியே இருந்துகொள்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது.

உங்களை நான் இப்போது கூப்பிட முடியாது. இனி என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கோபப்படாதீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

நாஸியா

---

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
28 ஏப்ரல் 2025

நாஸியா,

ஆமாம், படியில் உட்கார்ந்திருந்தேன். வைஃபையைப் பார்த்தேன். "நாட் யெட்" என்றது காதில் விழுந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குத்தான் என் இங்கிலீஷ்.

உன் அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கிவிட்டு உன் பெயரைச் சொன்னார், பிறகு என் பெயரைச் சொன்னார். மாஸ்க்கைப் போடச் சொல்லி நர்ஸ் கத்தினாள். முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் போட விட்டார். நான் கபூல், சம்மதம் என்று சொன்னபோது அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நடந்ததா இல்லையா? நடந்தது என்றால் நீ கல்யாணம் ஆனவள். நடக்கவில்லை என்றால் நான் யார்?

நீ அந்த அம்மாளிடம் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். நல்லது. கல்யாணம் ஆகாதவளாக இருப்பதுதான் அங்கே உனக்கு வசதி என்றால் அப்படியே இரு. நான் எதையும் கேட்கப் போவதில்லை. இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கவும் இனிமேல் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். சாப்பிட்டேன் என்றே வைத்துக்கொள்.

ஹஸன்

---

ஷெஃபீல்டு
17 மே 2025

என்னங்க,

போனை எடுக்க மாட்டேன் என்று எழுதினீர்கள், சொன்னபடியே செய்கிறீர்கள். கடைக்கு அடித்தால் ஷாஹுல் அண்ணன் எடுத்து, "அவன் தொழப் போய்க்கிறான்மா" என்கிறார். காலை பதினொரு மணிக்கு என்ன தொழுகை?

என் தலைக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருக்கிறது. போய் உண்மையைச் சொன்னால் வேலை போகும். அது மட்டுமில்லை, பொய் சொன்னவள் என்று என் பெயரில் எழுதிவிடுவார்கள். வேறு எந்த நாட்டுக் கதவைத் தட்டினாலும் அது முன்னால் போய் நிற்கும். மறுபடி அடையாறு, மறுபடி "சிஸ்டர், ஃபைல்". சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கும். ஒரு பிரிவையே என் பொறுப்பில் தருகிறேன் என்கிறார்கள். பத்தாண்டுக் கனவு அது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர்கள் தயவில் கல்யாணம் ஆகாதவளாக நடிக்க வேண்டும், டியூட்டி என்றால் வாய் திறக்காமல் போய் நிற்க வேண்டும். இப்போது அவர்கள் கையில் என் விசா மட்டுமில்லை, என் பொய்யும் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். நதீம் அண்ணன் ஒரு வழி சொன்னான். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் பேசப்பட்டதாக இருக்கக் கூடாது. "ஹஸன் ஒரு வார்த்தை சொல்லி விட்டுடட்டும். நீங்க சேர்ந்து குடித்தனம் பண்ணல, அதனால இத்தான்னு காத்திருக்கிறதுகூடக் கிடையாது. நீ சொன்னது உண்மையாயிடும். அப்புறம் புதுசா ஒரு நிக்காஹ், புதுசா ஒரு சான்று. பழசை எவன் தோண்டப் போறான்?" என்றான். அம்மியும் தலையாட்டினாள். தங்கை இஃப்ரா மட்டும் அழுதாள், அவள் சின்னப் பெண்.

எனக்கு இனி எடைபோடத் தெம்பில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன நடந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாஸியா

---

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
3 ஜூன் 2025

நாஸி,

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நீயே எழுதிய பிறகு நான் இழுத்துப் பிடித்தால் அது உன் கழுத்தில் கயிறு. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். "போய் யோசிச்சுட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். மறுபடி போனேன். காரணம் கேட்டார். விசா என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நேற்றுச் சாயந்திரம் அஸருக்குப் பிறகு ஷாஹுலும் இன்னொருவரும் சாட்சி இருக்க, ஒரே ஒரு முறை தலாக் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சேர்ந்து வாழாததால் இதோடு முடிந்தது, மறுபடி சேர வேண்டும் என்றால் புது நிக்காஹ்தான் என்றார் ஹஜ்ரத். வெளியே வந்ததும் ஷாஹுல், "டீ குடிக்கலாமா மச்சி" என்றான். குடித்தோம்.

உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. இனி அந்த ஊரில் போய் வாய் பேசாமல் நிற்க வேண்டாம், இங்கிலீஷ் வகுப்பு வேண்டாம், யாருக்கும் டிபெண்டன்ட் இல்லை. அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைதான் வந்தது. உள்ளே அம்மி உட்கார்ந்து உனக்கு வலீமாவுக்கு என்று எடுத்து வைத்த துணிக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நதீம் சொன்னபடியே எல்லாம் நடக்கட்டும். நீ அங்கே காலூன்று. அப்புறம் புதிதாகச் செய்துகொள்வோம். உனக்காகத்தான் செய்தேன். அதை மட்டும் நம்பு.

ஹஸன்

---

ஷெஃபீல்டு
5 ஜூன் 2025

என்னங்க,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. தினமும் வேலை விட்டு வந்து கதவுக்கடியில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அதனால் காத்திருக்காமல் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதீர்கள்.

நேற்றுப் போய் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, என் அப்பா கடைசியாகச் செய்த காரியம் அதுதான், அது நடக்கவில்லை என்று என்னால் இனி சொல்ல முடியாது என்றேன். அவர் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பை அப்போதுதான் காணோம். நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது உனக்கு நல்லது என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் அங்கே இருப்பேன்.

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேற்று மத்தியானம் ஊறுகாயோடு ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டேன், பல மாதம் ஆயிற்று அப்படிச் சாப்பிட்டு. இங்கே ஒரு கிழவர், எண்பத்தெட்டு வயது, யாரிடமும் பேச மாட்டார். நான் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

நான் கேட்ட ஒரு வார்த்தை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'வா' என்று நீங்கள் எழுதிய கடிதம் இப்போது வழியில்தான் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். அது வருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நேரில் வந்து பீற்றிக்கொள்கிறேன். ஹாஜிரா மாமியிடம் வலீமாவுக்கு ஆள் சொல்ல ஆரம்பிக்கச் சொல்லுங்கள். துணி மட்டும் பச்சையில் வேண்டாம், பச்சையில் நான் நோயாளி மாதிரி இருப்பேன். பிரியாணியும் கற்றுக்கொள்கிறேன், சத்தியமாக.

உங்கள் மனைவி
நாஸியா

---

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
2 ஜூலை 2025

நாஸி,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். வேறு வழி நீ வைக்கவில்லை.

நீ வந்த மறுநாள் தி. நகர் வீட்டுக்கு வந்தேன். நேற்று முன்தினமும் வந்தேன். இரண்டு முறையும் இஃப்ராதான் கதவைத் திறந்தாள். "அக்கா பாக்க மாட்டாங்களாம், போய்டுங்க" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள். உன் கொலுசுச் சத்தம் உள்ளே கேட்டது. நான் இருக்கிறேன் என்று தெரிந்தும் நீ நடந்துகொண்டுதான் இருந்தாய்.

தப்பாகப் படித்துவிட்டேன் நாஸி. நதீம் ஒரு வார்த்தை என்றான், அதற்கு அடுத்த பத்தியில் நீயும் ஒரு வார்த்தை என்றாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. 'வா' என்று சொல்லச் சொல்லி ஒரு எழுத்து சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா? உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேனோ என்னவோ. தலை சரியாக இல்லை.

உன் ஜூன் கடிதத்தை அம்மியிடம் படித்துக் காட்டினேன். வலீமா என்ற இடத்துக்கு வந்ததும், "நிறுத்துடா, போதும்டா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

சரிசெய்ய முடியாதது ஒன்றும் நடக்கவில்லை. ஹஜ்ரத் தயாராக இருக்கிறார். உன் அண்ணன் சரி என்கிறான், உன் அம்மி சரி என்கிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீ சம்மதம் என்று மட்டும் சொல்லு, நான் கபூல் என்கிறேன். அன்றைக்கே ருக்ஸதி, மறுநாளே வலீமா. நாட்டை விட்டுவிட்டு வந்தவள், இந்த நாலு தெருவைத் தாண்டி வர மாட்டாயா?

ஹஸன்

---

தி. நகர்
6 ஜூலை 2025

ஹஸன் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்து மஃரிப் வரைக்கும் உட்கார்ந்திருந்ததாக அண்ணன் சொன்னான். நான் வருவேன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே.

நீங்கள் தப்பாகப் படித்தேன் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்றுதான் அந்த வரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு போன் போட்டு, "நாஸி, என்ன வார்த்தை?" என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். உங்களால் எது முடியுமோ அப்படிப் படித்துக்கொண்டீர்கள். சொல்லி முடித்ததும் நிம்மதியாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியை மறைத்திருந்தால் நான் வெள்ளிக்கிழமை வந்திருப்பேன். உண்மையை எழுதியதற்காக உங்களை வெறுக்கவும் முடியவில்லை.

அந்தக் கம்பெனியில் இருந்தவரை ஒருத்தர் கையெழுத்தில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் இங்கே உங்கள் வாயிலும் அதே மாதிரிதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களாவது என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள்.

எல்லாரும் புது நிக்காஹ் என்கிறார்கள். மார்க்கத்தில் தடையில்லை, தெரியும். அண்ணன் பொறுப்பாக நின்று செய்துவைப்பான். என் அப்பா மூச்சை விட்டுக்கொடுத்துச் செய்துவைத்தது எது? அது நடந்தது என்று சொல்வதற்காகத்தான் நான் அங்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தேன். நான் அந்த அம்மாள் முன்னால் நின்று, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்ன நேரத்தில், அது ஏற்கெனவே இல்லை. நான் சொன்ன உண்மையும் பொய்யாகிவிட்டது. உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு நாளும் இதையேதான் நினைப்பேன். உங்களைத் திட்டித் திட்டியே தீர்த்துவிடுவேன். நீங்கள் அதற்கு ஆள் இல்லை, நல்லவர்.

பிடிக்காமல் இதை எழுதவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுவேன் என்றுதான் நடந்தேன். இனி கடிதம் போடாதீர்கள். மாமியிடம் நான் ஸலாம் சொன்னேன் என்று சொல்லுங்கள், தட்டை நங்கென்று வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை முதல் சாந்தோம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்கிறேன். பஸ் லஸ்ஸைத் தாண்டிக் கச்சேரி ரோடு வழியாகத்தான் போகும். பெண்கள் உட்காருகிற பக்கமும் உங்கள் கடை இருக்கிற பக்கமும் ஒன்றுதான், வேறு ரூட் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருங்கள். வாசலில் நிற்காதீர்கள். நின்றால் நான் இறங்கிவிடுவேன்.

நாஸியா